ஐடிலிங் நிற்காத மாருதி 800: கார்புரேட்டரும் எம்பிஎஃப்ஐயும்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் அதிர்கிறது, எஞ்சின் சத்தம் ஏறி இறங்குகிறது, ஏசி போட்டதும் வண்டி அணைந்துவிடுகிறது. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். ஆனால் மாருதி 800 என்ற பெயரில் இரண்டு வகை வண்டிகள் சாலையில் ஓடுகின்றன. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது கார்புரேட்டர் வண்டி. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 2000-ம் ஆண்டு வாக்கில் வந்தது, இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டி. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இரண்டிலும் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் ஒரே கோளாறு இரண்டு வண்டிகளிலும் வேறு வேறு முகம் காட்டும். முதல் வண்டியில் பழகிய கை இரண்டாவதில் தடுமாறுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே கொஞ்சம் அதிரும். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது நொடிக்கு சுமார் 22 முறை பெட்ரோல் பற்றுகிறது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். அந்த உதறல் சீரான தாளத்தில் வரும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் தேய்ந்ததால் வரும் அதிர்வில் எஞ்சின் சத்தம் சீராக இருக்கும், உடம்புதான் ஆடும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் காதால் பிரித்துவிட வேண்டும்.

கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கென்று தனி வழி இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் அளவுக்குக் காற்றோட்டம் இருக்காது. அதனால் ஸ்லோ ஜெட் வழியாக வரும் பெட்ரோல், தகட்டுக்குக் கீழே உள்ள ஊசிமுனைத் துளையில் இறங்குகிறது. அந்த அளவைக் கூட்டிக் குறைப்பது மிக்ஸ்சர் ஸ்க்ரூ. ஸ்லோ ஜெட்டில் ஒரு தூசி சிக்கினால் போதும்: கால் வைத்தால் நன்றாக ஓடும் வண்டி, காலை எடுத்ததும் அணையும். மேடேறும்போது ஒரு குறையும் தெரியாது.

எம்பிஎஃப்ஐயில் அந்த வழி கிடையாது. மூடிய த்ராட்டிலைச் சுற்றி ஒரு பக்கவழியில் காற்று போகிறது. அதன் அளவை ஐடில் வால்வு மூலம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் நொடிக்கு நொடி திருத்துகிறது. மேனிஃபோல்டு அழுத்தம், எஞ்சின் சூடு, த்ராட்டில் இருக்கும் நிலை ஆகியவற்றை சென்சார்கள் சொல்ல, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போடுகிறது. இங்கே ஸ்லோ ஜெட்டின் இடத்தில் நின்று தொல்லை கொடுப்பது த்ராட்டில் ஓரத்திலும் ஐடில் வால்விலும் படியும் கரி.

இரண்டின் குணத்தையும் பிரித்துக் காட்டும் கோளாறு வேக்குவம் லீக். வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகத் தேவையற்ற காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்புரேட்டருக்கு அந்தக் காற்று தெரியாது. பெட்ரோல் அதே அளவில்தான் வரும், கலவை மெலியும், எஞ்சின் திணறி அணையும். எம்பிஎஃப்ஐ மாருதியில் கதை நேர் எதிர். காற்று கூடியதும் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறுகிறது, சென்சார் அதைச் சொல்கிறது, ஈசிஎம் அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டுகிறது. விளைவு, ஐடிலிங் உயர்கிறது. அதைக் குறைக்க ஐடில் வால்வை மூடிக்கொண்டே போகிறது. முழுதாக மூடிய பிறகும் வேகம் இறங்காவிட்டால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று எண்ணி பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழுந்ததும் மறுபடி விடும். எஞ்சின் ‘ஊம்… ஊம்…’ என்று ஏறி இறங்கும் அந்த ஆட்டம் இப்படித்தான் பிறக்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். கார்புரேட்டர் குறையை உடனே காட்டிக்கொடுக்கும். ஈசிஎம் தன்னால் முடிந்தவரை மூடி மறைக்கும். முதல் வண்டியில் கேட்க வேண்டியது, ‘எப்போது நடுங்குகிறது?’ இரண்டாவதில் கேட்க வேண்டியது, ‘எதைச் சமாளிக்கப் பார்க்கிறது?’

தவறான வைத்தியமும் இரண்டிலும் இரண்டு விதம். கார்புரேட்டர் வண்டி அணைந்தால், ஐடில் ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி அனுப்பிவிடுவார்கள். த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்துவிட்டால் பெட்ரோல் வேறு துளைகள் வழியாக வரத் தொடங்கும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு வேலையே இருக்காது. சோதிப்பது எளிது. எஞ்சின் சூடானதும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள். முழுதாக மூடும் முன் எஞ்சின் தடுமாறி அணைய வேண்டும். அணையாவிட்டால் பெட்ரோல் வேறெங்கிருந்தோ வருகிறது. வெளியே எவ்வளவு திருகினாலும் மாற்றமே இல்லையென்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்ற வேண்டியதுதான். எம்பிஎஃப்ஐ வண்டியில் இதே அவசரம் சென்சார் மாற்றுவதாக உருவெடுக்கும். ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால் அந்த சென்சார் பழுது என்று பொருளல்ல; அங்கிருந்து வரும் செய்தி கணக்குக்குப் பொருந்தவில்லை என்றுதான் பொருள். லீக்கான ஹோஸும் துருப்பிடித்த எர்த் வயரும் அதே செய்தியைத் தரும்.

தெர்மோஸ்டாட் விஷயத்திலும் இதே வேறுபாடு. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. கார்புரேட்டர் மாருதியில் சோக் கையால் இழுப்பது. ஓட்டுபவர் உள்ளே தள்ளிவிட்டால் கலவை சரியாகிவிடும். எம்பிஎஃப்ஐயில் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராதவரை, குளிர்ந்த எஞ்சின் என்றே நினைத்து ஈசிஎம் அதிகப் பெட்ரோலும் அதிக ஐடிலிங்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இடைவெளி இன்னும் கூடியிருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே 20 சதவீதக் கலப்பில் பழைய ஜெட் அளவு மெலிந்த கலவையைத் தரும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி அதைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரில் ஸ்க்ரூவைத்தான் திருப்ப வேண்டும். பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் எத்தனாலில் சீக்கிரம் கெடும் என்பதை இரண்டு வண்டிக்காரர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த சிலிண்டர் மந்தம் என்று பார்க்க, கார்புரேட்டர் வண்டியில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவது பழைய முறை. எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. எம்பிஎஃப்ஐயில் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். அங்கே இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்ப்பதே சரி.

வேறுபாடுகள் இத்தனை இருந்தாலும் வேலையைத் தொடங்கும் வரிசை ஒன்றுதான். ஏர் ஃபில்டர், பிளக், பிளக் வயர், டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன், அதன் பிறகு ஒவ்வொரு ஹோஸாகக் கையால் நெரித்துப் பார்ப்பது. நெரித்ததும் ஐடிலிங் மாறினால் லீக் அந்தப் பக்கம்தான். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டரில் கை வைக்கலாம், த்ராட்டில் பாடியைக் கழுவலாம், ஸ்கேனரைச் செருகலாம். கார்புரேட்டரைக் குறை சொல்லி எம்பிஎஃப்ஐ வாங்குபவர்களும், கம்ப்யூட்டர் வண்டி என்று பயந்து கார்புரேட்டரைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். என் தீர்ப்பு இது: கண்டுபிடிக்க எளிது கார்புரேட்டர், சரிசெய்தபின் நிலைத்து நிற்பது எம்பிஎஃப்ஐ. பக்கத்தில் ஸ்க்ரூவைக் காது கொடுத்துத் திருப்பத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் முதலாவதை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டாவதே மேல்.