அக்கரையில் இந்தியன், இக்கரையில் சிலோன்காரன்

மன்னவனூர்! பெயரிலே மன்னவன் இருக்கிறான். மலைச்சரிவிலோ பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் உழவன் இருக்கிறான். இந்தக் கொடைக்கானல் மலைகளின் கூப்புக் காடுகளுக்கு, வாட்டில் மரம் வெட்டவும் தோல் பதனிடப் பட்டை உரிக்கவும் இன்னொருவன் வந்து சேர்ந்தான். ‘சிலோன்காரன்’ என்றனர் இங்குள்ளோர். அக்கரையிலோ அவன் பெயர் ‘இந்தியன்’!

யார் இவன்? 19ஆம் நூற்றாண்டிலே பஞ்சம் விரட்ட, கங்காணி அழைக்க, கடல் கடந்து சென்று, இலங்கை மலைகளிலே காப்பியும் தேயிலையும் வளர்த்தவனின் வழித்தோன்றல். 1947 தேர்தலிலே இவன் இனத்தார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். பொறுக்குமா ஆளவந்தார்க்கு? 1948இல் குடியுரிமை போயிற்று; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வெட்கத்தோடு ஒன்று கூறவேண்டும்: வாக்குரிமை பறிபோன அந்த ஆண்டிலே, ஜி. ஜி. பொன்னம்பலம் என்னும் தமிழர் அதே அமைச்சரவையில் வீற்றிருந்தார். அதை ஏற்காது பிரிந்த செல்வநாயகம் தமிழரசுக் கட்சி கண்டார்.

1964 அக்டோபர் 30. லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்டனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர்; இலங்கைக்கு 3,00,000 பேர்; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974இல் பார்த்தனர், பாதிக்குப் பாதி பிரித்தனர். மந்தையைப் பிரிப்போர்கூட எந்த ஆடு எந்தக் குட்டிக்குத் தாய் என்று பார்ப்பர். இங்கே ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களின் விதி எழுதப்பட்டது. அம்மக்களைக் கேட்டார் எவர்?

தலைமன்னாரிலே கப்பலேறி நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டம் சிலருக்கு வாழ்வளித்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், கொழுந்து கிள்ளிய கைகள் பலவற்றுக்குக் கிடைத்ததோ வியாபாரக் கடன்! தராசு பிடித்தறியாதவர் என்ன வியாபாரம் செய்வர்? கடன் கரைந்தது, மலைக்குளிர் பழகிய உடல் மீண்டும் மலை தேடிற்று. காண்டிராக்டர் முன்பணம் நீட்டினார். வாங்கியவர் கொத்தடிமையானார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கொடைக்கானல் காடுகளில் சிக்கியோர் மீட்கப்பட்டதோ 1980களில்!

“பழையதை ஏன் கிளறுகிறீர், இலங்கைதான் தவற்றைத் திருத்திக்கொண்டதே” என்பார் உளர். மெய்தான், 2003இல் இலங்கைப் பாராளுமன்றம் எதிர்ப்பின்றி ஒரு சட்டம் இயற்றியது. நாடற்றிருந்தோர் நாடு பெற்றனர்; வரவேற்போம். ஆயினும் அதன் நிபந்தனையைப் படியுங்கள்: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவராகவோ, அவர்தம் வழித்தோன்றலாய் அங்கு வாழ்பவராகவோ இருத்தல் வேண்டும். அந்தத் தேதியின் பெயராலேயே கப்பலேற்றப்பட்டு, இம்மலைகளிலே மரம் வெட்டியவர் அந்தப் பட்டியலில் இல்லை.