கல்வெட்டுச் சம்பளமும் கட்டைவிரல் மிஷினும்

எங்க திருவண்ணாமலையில சுமாரான ஜவுளிக்கடை, பாத்திரக்கடையில கூட இப்போ கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்பு டப்பா மாட்டியிருக்கும். வேலைக்கு வர்றவங்க கட்டைவிரலை வைத்தால் "தேங்க் யூ" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்தக் கடையில் அவங்களுக்கு நாள் பூரா கிடைக்கிற ஒரே நன்றி அதுவாகத்தான் இருக்கும் :-)

அந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு நீளமான வரலாறு இருக்கு. கொஞ்சம் சுற்றிவிட்டு வருவோம்.

நம்ம ஊர்ப் பக்கம் சம்பளப் பட்டியல் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. ராஜராஜன் காலத்தது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகணும் என்பது வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. நட்டுவனார், கணக்கர், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. இவ்வளவு துல்லியமான பட்டியலில் யார் எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகணும் என்ற கணக்கு மட்டும் கிடையாது. கூலி வேலைக்கும் பங்குக்கும்தான், மணிக்கு இல்லை.

மணிக்குக் கூலி என்பது தொழிற்சாலையோடு வந்த சமாச்சாரம். 1888-ல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் என்ற ஊரில் வில்லர்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் (ஆமாம், கடைக்காரர்தான்!) நேரம் பதியும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் போட்ட ஒரு சாவி. அதைக் கடிகாரத்தில் செருகித் திருப்பினால் நம்பரும் நேரமும் காகிதத்தில் அச்சாகும். 1894-ல் டேனியல் கூப்பர் என்பவர் அட்டையைச் செருகுகிற முறையைக் கொண்டுவந்தார். "பஞ்ச் பண்ணியாச்சா?" என்று இன்னைக்கும் கேட்கிறோமே, அந்தப் பேச்சுக்கு வேர் இந்த வகைக் கடிகாரங்கள்தான். பண்டியின் கம்பெனி கைமாறி, வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1911-ல் ஒரே நிறுவனமாகி, 1924-ல் பெயர் மாற்றிக்கொண்டது. புதுப் பெயர் ஐ.பி.எம்.!

சம்பளக் கணக்கையே கம்ப்யூட்டரிடம் கொடுத்ததும் ஒரு கடைக்காரர்தான். லண்டனில் டீக்கடைகளும் பேக்கரியும் நடத்திய லயன்ஸ் கம்பெனி, லியோ என்ற கம்ப்யூட்டரைத் தானே கட்டி, 1951-ல் பேக்கரிக் கணக்கை ஓடவிட்டது. 1954-ல் சம்பளப் பட்டுவாடாக் கணக்கும் அதற்குப் போனது. ஒரு குமாஸ்தா எட்டு நிமிஷம் எடுத்துப் போட்ட ஒரு ஆள் கணக்கை அது ஒன்றரை வினாடியில் போட்டது.

சரி, கைரேகை? அது நம்ம நாட்டுச் சரக்கு. 1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒரு காண்ட்ராக்டர் பின்னாடி "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லிடக் கூடாதே என்று ஒப்பந்தத்தில் முழு உள்ளங்கையையும் பதிய வைத்தார். 1877 வாக்கில் ஹூக்ளியில் பென்ஷன் வாங்க வருகிறவர்களிடம் ரேகை வாங்கினார். ஒருத்தர் பென்ஷனை இன்னொருத்தர் வாங்கிடக் கூடாது என்பது நோக்கம். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே ஒரு அலுவலகம் வந்தது. வகைப்படுத்தும் முறைக்குப் பின்னால் உழைத்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரையும் மறந்துவிட்டு மேலதிகாரி ஹென்றியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஆக, ரேகை முதலிலிருந்தே "உன்னை நம்ப முடியாது" என்பதற்கான கருவிதான். பண்டியின் சாவியை நண்பனிடம் கொடுத்து அனுப்பலாம். கட்டைவிரலைக் கொடுத்தனுப்ப முடியாதே.

ஆனா கடையில் நேரத்தைக் குறித்து வைக்கணும் என்பது இங்கே வேறொரு காரணத்துக்காகவும் வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேர வேலைக்கு மேல் போனால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் பார்க்கத்தான் பதிவேடு. அதாவது அந்த நோட்டு தொழிலாளிக்காக வந்த நோட்டு.

நடைமுறையில் கணக்குப்பிள்ளை அதை மாசக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்புவார். எல்லாரும் காலை ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போயிருப்பார்கள். நிஜக் கணக்கு முதலாளியின் சின்ன டைரியில் இருக்கும்: அட்வான்ஸ், தீபாவளிக்கு எடுத்த புடவை, அரை நாள் லீவு.

அதை மாற்றியதில் முக்கால் பங்கு காகித வேலைக்குத்தான். 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (19 பேரோடு நிறுத்திக்கொள்கிற கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்.) 2006-ல் டேலி 9 பேரோல் வசதியோடு வந்தது. 2012-ல் பி.எஃப். ரிட்டர்ன் ஆன்லைனுக்குப் போனது. டைரியை வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது என்ற நிலை. வந்தது கறுப்பு டப்பா.

இப்போ நம்ம ஊர் சங்கதி. பௌர்ணமி.

கிரிவலப் பாதை 14 கி.மீ. பௌர்ணமி ராத்திரி ஊர் தூங்காது, சில கடைகளும் தூங்காது. மத்தியானம் 2 மணிக்கு வந்த பெண் ராத்திரி 1 மணிக்குக் கிளம்புகிறாள் என்று வையுங்கள். இடையில் ஒரு மணி நேர ஓய்வு போக 10 மணி நேர வேலை. மிஷினைப் பொறுத்தவரை என்ன நடந்தது? முதல் நாள் உள்ளே வந்தாள், வெளியே போகவே இல்லை. அடுத்த நாள் ராத்திரி 1 மணிக்கு வந்தாள்! சாஃப்ட்வேரில் நாள் மாறும் நேரத்தை நள்ளிரவிலிருந்து விடிகாலைக்குத் தள்ளி வைக்கவில்லை என்றால் முதல் நாளுக்கு "அவுட் பஞ்ச் இல்லை" என்று விழும். பல கடைகளில் அதற்கு அரை நாள் பிடிப்பு. பௌர்ணமியே ரெண்டு தேதியில் வருகிற ஊரில், நாள் சரியாக 12 மணிக்கு முடியும் என்று நம்புகிற மிஷின்!

ஒரு கணக்குப் போடுவோம். சம்பளம் 12,000 என்றால், 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 400, மணிக்கு 50. கூடுதல் 2 மணி நேரத்துக்கு இரட்டையாக 200 ரூபாய் வரணும். வருவதற்குப் பதில் அரை நாள் 200 போகிறது. ஒரு ராத்திரிக்கு 400 ரூபாய் வித்தியாசம். சில இடங்களில் பிடிக்கும்போது 26-ஆல் வகுப்பார்கள், கொடுக்கும்போது 30-ஆல். இதையெல்லாம் மிஷின் முடிவு செய்வதில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து செட்டிங்கில் போட்டது. "சிஸ்டம் அப்படித்தான் காட்டுதும்மா" என்று சொல்லும்போது அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளையின் ஒரே பேனா நோட்டை விட இது ஆயிரம் மடங்கு நல்ல சாட்சி. 9.10-க்கு வந்ததைக் காட்டுகிற அதே பதிவு, ராத்திரி 1 மணிக்குப் போனதையும் காட்டுகிறது. 2021-ல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். உட்கார விட்டார்களா என்பதை எந்த மிஷினும் பதியாது. ஆனால் நேரத்தைப் பதிந்துவிட்டது. அதை யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு முதலாளி மட்டும் படிக்கிறார், அதுவும் காலைப் பக்கத்தை மட்டும்.

தெரிந்தவர்கள் கடை வேலையில் இருந்தால் மாசம் ஒரு தடவை தன் பஞ்ச் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடை வைத்திருக்கும் நண்பர்கள், அந்த நாள் மாறும் நேரத்தை அடுத்த பௌர்ணமிக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.