கிள்ளான் கடலோரப் பறவை ஒளிப்படக் கலை

சிலாங்கூர் கடலோரத்தில், வடக்கே கோல சிலாங்கூர் முதல் தெற்கே கேரித் தீவு வரை, பறவைகளையும் பிற காட்டுயிர்களையும் படமெடுக்கும் கலை. இதன் மையம் போர்ட் கிள்ளான். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இத்துறைமுகம் 1972இல் இன்றைய பெயரைப் பெற்றது. கிள்ளான் ஆற்று முகத்துவாரம், பூலாவ் கெத்தாம், பூலாவ் கிள்ளான், பூலாவ் இண்டா ஆகிய தீவுகள், அவற்றைச் சூழ்ந்த பாக்காவ் (அலையாத்தி) காடுகள், வற்றுநீரில் தலைகாட்டும் சேற்றுத்திட்டுகள் ஆகியவை களம். பறவைக்கும் படமெடுப்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இக்கலையின் தீராத சிக்கல். துப்பாக்கி, பரண், தொலைநோக்கி, நீள்வில்லை எனக் காலந்தோறும் அதற்கு ஒவ்வொரு விடை கிடைத்து வந்திருக்கிறது.

பருவங்கள்

இங்கே கோடையும் குளிரும் இல்லை. படக்காரர்களின் ஆண்டு வலசைப் பறவைகளின் வரத்தைக் கொண்டு தொடங்குகிறது. சைபீரியா, சீனம், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்திறங்குகின்றன; ஏப்ரல் வரை சேற்றில் மேய்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் அவற்றின் உடல் சாம்பலும் பழுப்புமாக மங்கிக் கிடக்கும். ஓர் உள்ளானை இன்னோர் உள்ளானிலிருந்து பிரித்தறியவே நல்ல பழக்கம் வேண்டும். வடக்கே புறப்படும் முன், மார்ச்சிலும் ஏப்ரலிலும், வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறத்துக்கு மாறும். அந்தச் சில வாரப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

நாட்காட்டிக்கு நிகராகக் கடல் ஏற்றவற்றக் கால அட்டவணையும் பார்க்கப்படுகிறது. போர்ட் கிள்ளானில் பெருநீர் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 முதல் 5 மீட்டர் வித்தியாசம் இருக்கும். வற்றும்போது பறவைகள் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குச் சேற்றோடு போய்விடும். ஏறும் நீர்தான் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வற்றுநீர் நேரத்தை வீணாக்காதவர்கள் படகுத்துறைப் பலகைமேல் குப்புறப் படுத்துச் சேற்றுத்தாவி மீன்களைப் படமெடுக்கிறார்கள். நீர் விலகியதும் இம்மீன்கள் வளையை விட்டு வெளியேறி, துடுப்புகளையே கைகளாக ஊன்றி நகரும். ஆண்மீன் முதுகுத்துடுப்பைக் கொடிபோல் விரித்து அரையடி உயரம் எகிறிக் குதிக்கும். அந்தத் துடுப்பில் நீலப் புள்ளிகள் உண்டு என்பது நல்ல படங்களில்தான் தெரியவரும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளுக்காகப் பலர் போர்ட் டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்குப் போகிறார்கள். மலேசிய இயற்கைச் சங்கம் 2000 முதல் அங்கே வல்லூறு நோக்கும் விழாவை நடத்தி வருகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் சுமத்ராவின் தீயிலிருந்து வரும் புகைமூட்டத்தையும் ஒரு பருவமாகக் கணக்கில் சேர்ப்போர் உண்டு. 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக் குறியீடு 500ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

துப்பாக்கிக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறவைகளைப் பற்றிய அறிவு சுட்டுப் பாடம் செய்த உடல்களிலிருந்தே வந்தது. கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தைக் கட்டி வளர்த்த ஹெர்பர்ட் ராபின்சன் அவ்வழியில் உழைத்தவர். மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய அவரது பெருநூலின் முதல் தொகுதி 1927இல் வெளிவந்தது. அதிலுள்ளவை ஒளிப்படங்கள் அல்ல. குரோன்வோல்டு தீட்டிய ஓவியங்கள். தோட்டக்காரராகவும் வேட்டைக்காரராகவும் பேர் பெற்ற தியோடர் ஹபக், பிற்காலத்தில் துப்பாக்கியை ஒதுக்கிக் காட்டுவிலங்குப் பாதுகாப்பிலும் படமெடுப்பதிலும் ஈடுபட்டார். 1940இல் மலாயா இயற்கைச் சங்கம் (இன்றைய மலேசிய இயற்கைச் சங்கம்) தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரின் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த காவல்துறை அதிகாரி கை மேடாக் அங்கேயே எழுதிய மலாயாப் பறவை அறிமுக நூலை அச்சங்கம் 1947இல் வெளியிட்டது. ராபின்சன் வளர்த்த அருங்காட்சியகக் கட்டடத்தின் ஒரு பகுதியோ அதே போரில், 1945 மார்ச்சில், நேசநாட்டு விமானக் குண்டுவீச்சில் இடிந்தது.

கிள்ளான் காக்கை

கிள்ளானின் மிகப் பழகிய பறவையான வீட்டுக் காக்கை இம்மண்ணுக்கு உரியதன்று. காப்பித் தோட்டங்களைத் தின்றழித்த கம்பளிப்புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது பரவலான கூற்று. 1890களில் வந்தது என்று சிலரும், 1903ஐ ஒட்டி வந்தது என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே தடவையில் விடப்பட்டதா, பல தடவைகளிலா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. கப்பல்களில் தொற்றி வந்தவையும் பின்னர் இக்கூட்டத்தில் கலந்திருக்கலாம். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. தமிழர் வீடுகளில் அமாவாசைக்கும் திதிக்கும் அதற்குச் சோறு வைக்கிறார்கள். நகராண்மைக் கழகமோ 2000களில் துப்பாக்கி சுடுவோரைக் கூட்டி வந்து அதைச் சுட்டுத் தள்ளியது. எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதாலோ என்னவோ, படக்காரர்கள் அதன் பக்கம் வில்லையைத் திருப்புவது குறைவு. பழுதில்லாத ஒரு காக்கைப் படம் எடுப்பது கடினம். கருமையில் ஒளியளவு பிடிபடாது.

லோக் வான் தோ

இத்துறையில் மிக நன்றாக ஆவணப்படுத்தப்பட்டவர் லோக் வான் தோ (1915–1964). கோலாலம்பூரில், ஈயச்சுரங்கத்தால் பெருஞ்செல்வரான லோக் யூவின் மகனாகப் பிறந்தார். படித்தது விக்டோரியா கல்விக்கூடத்தில். அப்பள்ளி 1893இல் உருவாகத் துணைநின்றவர்களில் லோக் யூவும் ஒருவர், பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளையும் ஒருவர். இருவரும் தொழில் கூட்டாளிகளும்கூட. பின்னர் சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். திரையரங்குகளும் படப்பிடிப்பு நிலையமும் கொண்ட கேத்தே நிறுவனத்தின் அதிபராகவே பலரும் இவரை அறிவர்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழும் தறுவாயில் இவர் ஏறிய நோரா மோலர் கப்பல் பாங்கா நீரிணையில் குண்டுக்கு இரையானது. தீக்காயங்களுடனும் சிறிது காலம் பார்வையிழந்தும் ஜாவா போய்ச் சேர்ந்தவர், அங்கிருந்து இந்தியாவை அடைந்தார். பம்பாயில் பறவையியலாளர் சாலிம் அலியைச் சந்தித்தது அவர் வாழ்வைத் திருப்பியது. காஷ்மீர், சிக்கிம் எனப் பல பயணங்களில் இருவரும் சேர்ந்து போனார்கள். சாலிம் அலி குறிப்பெடுத்தார், லோக் படமெடுத்தார். சாலிம் அலியின் ஆய்வுகளுக்குப் பொருளுதவியும் லோக்கிடமிருந்து கிடைத்தது.

அன்றைய படமெடுப்பு முறையைச் சற்று விளக்க வேண்டும். கோடக்ரோம் வண்ணச் சுருளின் ஒளியுணர்வு வெறும் 10. மலாயாக் காட்டின் கீழ்த்தட்டு இருட்டில் அதை வைத்துப் பறக்கும் பறவையைப் பிடிக்க முடியாது. பறவை தானாகத் திரும்பி வரும் ஓரிடம் வேண்டும். அது கூடு. கூட்டிலிருந்து எட்டத்தில் ஒரு துணிக்கூடாரத்தை நட்டு, பறவை பழகப் பழக நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவார்கள். மறைக்கும் கிளைகளைக் கயிறு கட்டி ஒதுக்குவார்கள். பிறகு உள்ளே போய், மணிக்கணக்கில் வியர்த்து, ஃபிளாஷ் மின்னலை நம்பி விசையை அழுத்துவார்கள். மரவுச்சியில் கூடு கட்டும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்காக லோக் சிங்கப்பூரில் உயரமான கோபுரமே எழுப்பினார். அவ்வளவு செலவு செய்யக்கூடியவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தாம். அதே காலத்தில் சென்னையில் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தாமே ஒரு கருவியைச் செய்துகொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

கூட்டருகே படமெடுப்பதை இன்று நல்ல படக்காரர்கள் தவிர்க்கிறார்கள். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும், கொன்றுண்ணிகளுக்கு வழி தெரிந்துவிடும் என்பவை காரணங்கள். லோக்கின் படங்களை அக்கால வழக்கத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். அவற்றின் பொறுமை ஐயத்துக்கு இடமில்லாதது. 1957இல் லண்டனில் வெளிவந்த ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ நூலில் அவற்றைக் காணலாம்.

அவரது மனைவி கிறிஸ்டினா லோக்கும் தேர்ந்த படக்கலைஞர். இந்தியாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த மால்கம் மெக்டொனால்டு தம் டில்லித் தோட்டத்துப் பறவைகளைப் பற்றி எழுதி 1960இல் வெளியிட்ட நூலின் படங்கள் இவர் எடுத்தவை. ஒரே தோட்டத்தில் ஆண்டு முழுவதும் வந்துபோகும் பறவைகளைப் பின்தொடர்ந்த வகையில், பருவவாரிப் படமெடுப்புக்கு அந்நூலைவிடச் சிறந்த முன்மாதிரி சொல்வது கடினம்.

1964 ஜூன் 20 அன்று, ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் சென்றிருந்த லோக், தைச்சுங் அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். விமானத்தில் இருந்த 57 பேரும் மாண்டனர்.

கோல சிலாங்கூர்

அடுத்த இருபதாண்டுகளில் ஆய்வு நூல்கள் வந்தன, படத்தொகுப்புகள் அரிது.

1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா மாநில அரசு, மலாயா இயற்கைச் சங்கம் இவற்றின் கூட்டு முயற்சியில் அமைந்தது. ஏரிக்கரையில் கட்டப்பட்ட மறைவுக்குடில்களால், சொந்தமாகக் கோபுரம் எழுப்ப வசதியில்லாதவர்களும் பறவைக்கு அருகே உட்கார முடிந்தது. அழியும் நிலையிலிருந்த பால்நாரையை நெகாரா விலங்குக்காட்சி சாலையில் இனப்பெருக்கம் செய்யும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. பக்கத்திலுள்ள புக்கிட் மெலாவாத்தியில் வெள்ளிக்குரங்குகள் உண்டு: தாய் சாம்பல் நிறம், பிறந்த குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒன்றுபோல் மின்னி அணையும் மின்மினிகளைப் படமெடுக்க நீண்ட ஒளியேற்றம் வேண்டும். ஆனால் ஆடும் படகில் அது கைகூடுவதில்லை. ஃபிளாஷுக்கு அங்கே தடை.

தொலைநோக்கியும் கேமராவும்

1999இல் மலேசிய இயற்கைச் சங்க உறுப்பினர் லாரன்ஸ் போ, தம் பறவை நோக்கும் தொலைநோக்கியின் கண்வில்லையில் ஒரு சிறு டிஜிட்டல் கேமராவை ஏறக்குறைய விளையாட்டாக வைத்துப் பார்த்தார். படம் தெளிவாக விழுந்தது. டிஜிஸ்கோப்பிங் என்று பெயர் பெற்ற இம்முறையின் தந்தை இவரே என்று பலர் சொல்வர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் சிலர் தனித்தனியே முயன்றிருப்பதால் முதன்மை யாருக்கு என்பதை அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. பெயர் சூட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த அலன் ஃபோஸே.

நிக்கான் கூல்பிக்ஸ் 950 இதற்கு வாகாக அமைந்தது. அதன் வில்லை சிறியது, உடலுக்குள்ளேயே நகர்வது. உடல் நடுவில் திரும்பக்கூடியது. 30 மடங்கு தொலைநோக்கியோடு சேர்த்தால் 3,000 மில்லிமீட்டர் வில்லைக்கு மேல் எட்டும். படத்தின் ஓரம் வட்டமாகக் கறுக்கும், விசையை அழுத்திய பின்னும் கேமரா ஒரு நொடி யோசிக்கும், பறவை அதற்குள் தலையைத் திருப்பிவிடும். ஆனாலும் சேற்றின் மறுகோடியில் நிற்கும் உள்ளானைத் துல்லியமாக இனங்காண முதல் தடவையாக வழி பிறந்தது. கிள்ளான் கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அன்று வேறில்லை. லாரன்ஸ் போ 2004இல் காலமானார்.

அண்மைக் காலம்

நீள்வில்லைகளின் விலை இறங்கியபின் போர்ட் கிள்ளான் தஞ்சோங் ஹராப்பான் கரையிலும் கெத்தாம் படகுத்துறையிலும் வார இறுதிகளில் படக்காரர்களைக் காணலாம். அவர்களுக்கு எளிதில் கிடைப்பது செம்பருந்து. நம்மவர் வாயில் கருடன். மீன் கழிவைத் தேடித் தாழ்ந்து வரும்போது வெண்தலையும் செம்முதுகும் ஒரே சட்டத்தில் அடங்கும். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டதற்குச் சான்றாகக் கோயில் மலர்களில் அச்சாகும் படங்களும், கணக்கில் சேர்ப்பதானால், இவ்வூர்ப் பறவைப் படங்களே.

வலசைப் பறவைகள் ஏற்றநீரில் ஒதுங்கும் இடமாகப் பேர்பெற்றது காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டை. அரிதான நார்ட்மன் பச்சைக்காலியும் இக்கடலோரத்தில் பதிவாகியுள்ளது. பறவைகளின் இக்களத்திலேயே துறைமுகங்களும் விரிகின்றன: 1990களில் பூலாவ் இண்டாவில் மேற்குத் துறைமுகம் எழுந்தது. கேரித் தீவில் மற்றொரு துறைமுகம் கட்டும் திட்டம் 2017இல் பேசப்பட்டது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. நாளும் இடமும் குறித்த படம் ஒன்று கையிலிருந்தால், அழகில்லாததாயினும் அதைக் கணக்கெடுப்போரிடம் சேர்ப்பிப்பது நல்லது. சேற்றுத்திட்டில் எந்தப் பறவை எந்த மாதம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.