ஒரு வெள்ளி ஒப்பந்தம்: ஹியூஸ்டன் மகளிர் டென்னிஸ் போட்டியின் வரலாறு

விளையாட்டின் வரலாறு என்றவுடன், வென்றோர் பெயரையும் பெற்ற புள்ளிகளையும் தொகுத்து வைப்பதே அதன் பணி எனப் பலர் கருதுவர். ஆயினும், சில போட்டிகளின் வரலாறு ஆடுகளத்தின் எல்லைக் கோட்டைக் கடந்து சமுதாய வரலாற்றின் ஒரு கூறாகிவிடுகின்றது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் 1970ஆம் ஆண்டில் தோன்றி 1995ஆம் ஆண்டோடு மறைந்த மகளிர் டென்னிஸ் போட்டி அத்தகையது. அதன் தோற்றம், வளர்ச்சி, மறைவு ஆகிய மூன்றையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஏற்றத்தாழ்வின் வேர்

1968ஆம் ஆண்டு வரை உலகின் பெரும் டென்னிஸ் போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அவ்வாண்டில் அத்தடை நீங்கியது. பரிசுப் பணம் வெளிப்படையாக வழங்கப்பெற்றது. இம்மாற்றத்தால் இருபாலாரும் ஒருசேரப் பயன் பெற்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1970ஆம் ஆண்டு இத்தாலியப் போட்டியில் ஆடவர் பிரிவில் வென்ற இலியே நஸ்டாசே 3,500 அமெரிக்க வெள்ளி பெற்றார். மகளிர் பிரிவில் வென்ற பில்லி ஜீன் கிங்கிற்குக் கிடைத்ததோ 600 வெள்ளிதான்.

அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறவிருந்த பசிபிக் தென்மேற்குப் போட்டியின் அறிவிப்பு, புகைந்துகொண்டிருந்த நெருப்பை ஊதிவிட்டது. வெற்றி பெறும் ஆடவருக்கு 12,500 வெள்ளி. வெற்றி பெறும் பெண்ணுக்கு 1,500 வெள்ளி. கால் இறுதியை எட்டாத பெண்களுக்கோ ஒரு காசும் இல்லை. போட்டியை நடத்திய ஜாக் கிரேமர், முன்னாளில் விம்பிள்டனில் வாகை சூடியவர். கூட்டம் சேர்ப்பது ஆடவர் ஆட்டமே என்பது அவர் வாதம். பெண்களின் ஆட்டத்தைத் தனியே நடத்திப் பார்க்காமலேயே அதற்குக் கூட்டம் வாராது என்று தீர்ப்புரைப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஒன்பதின்மரின் துணிவு

கிங், ரோசி கசால்ஸ், நான்சி ரிச்சி ஆகியோர் கிளாடிஸ் ஹெல்ட்மன் அம்மையாரை நாடினர். அவர் ‘வேர்ல்டு டென்னிஸ்’ எனும் இதழை நிறுவி நடத்தியவர். கிரேமர் இணங்க மறுக்கவே, அம்மையார் ஹியூஸ்டன் ராக்கெட் மன்றத்தில் மகளிர்க்கென்றே ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். முதலில் திட்டமிட்ட பரிசுத் தொகை 5,000 வெள்ளி. அம்மையாரின் நண்பரும் பிலிப் மாரிஸ் நிறுவனத்தின் தலைவருமாகிய ஜோசப் கல்மன், தம் நிறுவனத்தின் ‘வர்ஜினியா ஸ்லிம்ஸ்’ சிகரெட்டின் பெயரால் மேலும் 2,500 வெள்ளி அளித்தார். மொத்தம் 7,500 வெள்ளியாயிற்று.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் இப்போட்டிக்கு ஒப்புதல் தர மறுத்தது. ஆடுவோர் இடைநீக்கம் செய்யப்படுவர் என்றும் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை வெறுஞ்சொல் அன்று. சங்கத்தின் சினத்திற்கு ஆளானால் பெரும்போட்டிகளின் கதவுகள் அடைபடும். ஓர் ஆட்டக்காரரின் வாழ்வே முடிந்துவிடக்கூடும். அந்நிலையிலும் 1970 செப்டம்பர் 23ஆம் நாள் ஆட்டக்காரர்கள் அம்மையாருடன் ஆளுக்கு ஒரு வெள்ளி மதிப்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மேற்கூறிய மூவரோடு பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வேலரி சீகன்ஃபஸ், ஆஸ்திரேலியாவின் ஜூடி டால்டன், கெர்ரி மெல்வில் ஆகியோரும் துணிந்து நின்றனர். அம்மையாரின் மகளாகிய ஜூலி ஹெல்ட்மன், முழங்கைக் காயத்தால் ஆட இயலாதிருந்தும் தோழியர்க்குத் துணையாகத் தாமும் சேர்ந்தார். இவர்களையே ‘முதல் ஒன்பதின்மர்’ என வரலாறு போற்றுகின்றது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முன்னோர் வாக்கன்றோ?

அவ்வாண்டில் நான்கு பெரும்போட்டிகளையும் வென்ற மார்கரெட் கோர்ட் இவ்வணியில் இல்லை என்பதையும் கருத வேண்டும். புகழின் உச்சியில் இருந்தோர் அனைவரும் இணைந்து நடத்திய கிளர்ச்சியன்று இது. ஒன்பதின்மருள் இளையோர் சிலர் பேரும் புகழும் பெறுமுன்னரே தம் எதிர்காலத்தைப் பணயம் வைத்தனர். அவர்தம் துணிவு தலைமை தாங்கியோரின் துணிவுக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று.

இறுதியாட்டத்தில் கசால்ஸ், டால்டனை 5-7, 6-1, 7-5 என்ற கணக்கில் வென்றார்.

வளர்ச்சி

ஹியூஸ்டனில் இட்ட வித்து விரைவில் முளைத்தது. 1971ஆம் ஆண்டில் பல நகரங்களை இணைத்து வர்ஜினியா ஸ்லிம்ஸ் தொடர் போட்டிகள் நடந்தன. அவ்வாண்டிலேயே கிங் அம்மையாரின் பரிசு வருவாய் ஓரிலட்சம் வெள்ளியைக் கடந்தது. விளையாட்டுத் துறையில் ஓராண்டில் அத்தொகையை எட்டிய முதற்பெண்மணி அவரே. 1973ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மகளிர் டென்னிஸ் சங்கம் இலண்டனில் உருப்பெற்றது. அமெரிக்கப் பொதுப் போட்டி அவ்வாண்டே இருபாலார்க்கும் சமப் பரிசு வழங்கியது. அதே செப்டம்பரில் கிங் அம்மையார், பாபி ரிக்ஸ் என்னும் முன்னாள் வெற்றி வீரரை நேர் மூன்று சுற்றுகளில் வீழ்த்தினார். அவ்வாட்டத்தை 30,472 பேர் நேரில் கண்டனர். அது நிகழ்ந்ததும் ஹியூஸ்டன் நகரிலேயே! பெண்கள் ஆட்டத்திற்குக் கூட்டம் வாராது என்ற வாதத்திற்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

நிழலும் ஒளியும்

வரலாற்றை எழுதுவோர் ஒளியை மட்டும் காட்டுதல் முறையாகாது. உடல்வலிமையைப் போற்றும் விளையாட்டு, உடலைக் கெடுக்கும் சிகரெட்டின் பெயரைத் தாங்கி நின்றது பெரும் முரண்பாடாகும். 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. புகையிலை நிறுவனங்கள் வேறு வழி தேடிய காலமும், பெண்கள் ஆதரவு தேடிய காலமும் ஒன்றாயின. நிறுவனம் தந்தது அறக்கொடை அன்று, வணிகமே. எனினும், பிற கதவுகள் அடைபட்டிருந்த வேளையில் திறந்த கதவு அஃதொன்றே என்பதையும் மறுத்தற்கில்லை.

மறைவு

1989ஆம் ஆண்டில் பதினைந்து வயதுச் சிறுமியாகிய மோனிகா செலஸ், இறுதியாட்டத்தில் கிறிஸ் எவர்ட்டை வென்று தம் முதற் பட்டத்தைப் பெற்றது இப்போட்டியில்தான். 1995ஆம் ஆண்டில் ஸ்டெஃபி கிராஃப் வாகை சூடியதோடு ஹியூஸ்டன் போட்டி முடிவுற்றது. ஆனால், அது தொடங்கிவைத்த வழக்கு முடியவில்லை. விம்பிள்டன் சமப் பரிசு வழங்க 2007ஆம் ஆண்டு வரை காலம் பிடித்தது. 2021ஆம் ஆண்டில் முதல் ஒன்பதின்மரும் ஒரு குழுவாக அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர்.

முடிவுரை

முதற்போட்டியின் மொத்தப் பரிசாகிய 7,500 வெள்ளி, அவர்கள் புறக்கணித்த போட்டியில் ஓர் ஆடவர் மட்டும் பெறவிருந்த தொகையினும் குறைவு. எனவே, அவ்வீராங்கனையர் பணத்தை மட்டும் நாடினர் என்பார் கூற்று நில்லாது. உழைப்புக்கேற்ற மதிப்பு வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. இன்று பல நாட்டுச் சிறுமியர் டென்னிஸைத் தம் வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்ள முடிகின்றது. ஹியூஸ்டன் போட்டியின் பெயரை அவர்களுள் பலர் அறியாதிருக்கலாம். அறியச் செய்வது ஆசிரியர் கடன்; அறிந்து போற்றுவது மாணவர் கடன்.