நின்றுபோன காரும் பெட்ரோல் வழியும்: குமரி மாவட்டத்தில் எரிபொருள் கோளாறு கண்டறிதலின் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் 1979-ல்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டது. திருநெல்வேலி - நாகர்கோவில் பாதைக்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சாலையே கதி. நோயாளியை நெய்யூர் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் பேருந்து, இல்லையேல் வாடகைக் கார். அந்தக் கார் தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் நின்றுவிட்டால், அங்கேயே ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இங்கே ஓட்டுநர் பாதி மெக்கானிக்காகவும் இருக்க நேர்ந்ததற்கு இந்தத் தேவை ஒரு முக்கியக் காரணம்.

டீசலும் கரி காஸும்

இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்துத் துறை தொடங்கப்பட்டது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் அதன் தலைவர். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேஸிஸ்களில் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் இருந்தன. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலை அத்துறையின் முதல் தடங்களில் ஒன்று. டீசல் வண்டியின் முதன்மையான எரிபொருள் கோளாறு குழாயில் காற்றுப் புகுவது. ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வழியும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். 'ஏர் எடுப்பது' என்று பிற்கால டாக்சி ஓட்டுநர்கள் சொன்ன இவ்வேலையின் தேவை, வாடகைக் கார்கள் டீசலுக்கு மாறுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சாலைக்கு வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் தென்னிந்தியா எங்கும் கரி காஸ் வண்டிகள் ஓடின. பின்புறம் கட்டிய கலத்தில் மரக்கரி எரிந்து, அந்த வாயு இன்ஜினுக்குச் சென்றது. சாம்பலும் தாரும் குழாயை அடைத்தால் வண்டி நிற்கும். கிளறிவிட ஒரு ஆள் கூடவே வரவேண்டும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்தக் கலங்கள் கழற்றப்பட்டன.

கார்புரேட்டர் காலம்

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அம்பாசடர், பியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவை சாலைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே ஏற்பாடுதான். பின்னால் டேங்க், அங்கிருந்து உலோகக் குழாய், இன்ஜினால் இயங்கும் டயாப்ரம் பம்பு, முடிவில் கார்புரேட்டர். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. இக்காலத்தின் நோயறிதல் முறை அழகானது என்றே சொல்லவேண்டும்.

முதல் கேள்வி வண்டி எப்படி நின்றது என்பது. விளக்கை அணைத்ததுபோல் சட்டென நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இழுத்து இழுத்து, குலுங்கி நின்றால் பெட்ரோல். அதன்பின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர் என்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்ப்பார்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சினால் அதுவரை வழி சரி. பீய்ச்சாவிட்டால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிச் செல்ஃப் அடிப்பார்கள். விட்டுவிட்டு பெட்ரோல் துள்ளினால் பம்பு நலம். ஊசி வால்வோ ஜெட்டோதான் அடைத்திருக்கிறது. துள்ளவில்லை என்றால் டேங்குக் குழாயில் வாயை வைத்து ஊதவேண்டும். டேங்கில் குமிழி கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் குழாய் திறந்திருக்கிறது, குற்றவாளி பம்பு. ஆயில் குச்சியில் பெட்ரோல் வாசம் அடித்தால் டயாப்ரம் கிழிந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மிக எளிய கோளாறே பலரை ஏமாற்றியது. டேங்க் மூடியில் காற்று புகும் சிறு துளை சேறடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி, சில கிலோமீட்டரில் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. டேங்கில் நீர் சேர்வதும் துரு உதிர்வதும் இங்கே எதிர்பார்க்க வேண்டியவை. கோடையில் கதை வேறு. சூடான இன்ஜினை ஒட்டியிருக்கும் பம்பில் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பதே அதற்கு வைத்தியம்; இந்தியா முழுவதும் பியட், அம்பாசடர் ஓட்டுநர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

இந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. அதை நினைவுகூரும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த விலையைச் சொல்வதில்லை. குழாயில் வாய் வைப்பதும், டியூப் போட்டு உறிஞ்சி பெட்ரோல் எடுப்பதும், பெட்ரோலில் கை கழுவுவதும் ஒர்க் ஷாப்புகளில் அன்றாடம் நடந்தன. அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேலை பழக வந்த பையன்கள். உறிஞ்சும்போது சில துளி நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடியது. ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுவதற்கும் 2000 பிப்ரவரியில்தான் கட்டாயமானது.

டேங்குக்குள் போன பம்பு

1999-ல் டெல்லிப் பகுதிக்கு உச்ச நீதிமன்றம் விதித்த புகை வரம்புகள் கார் நிறுவனங்களை எம்.பி.எஃப்.ஐ. முறைக்குத் தள்ளின. பாரத் ஸ்டேஜ் 2 வரம்பு 2005 ஏப்ரலில் நாடெங்கும் வந்தபின் புதிய கார்களில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்தது. பம்பு மின்சாரத்தில் இயங்குவதாகி டேங்குக்குள் போய்விட்டது. குழாயில் இப்போது சுமார் 3 பார் அழுத்தம். பழைய பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போது குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும், தீயும் பிடிக்கலாம்.

ஆனால் காதுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகே பம்பு. ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் போகிறது. பம்பைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

2010-லிருந்து பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் கோளாறைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. வசதி கட்டாயமாயிற்று. ஸ்கேனர் காட்டும் எண் கோளாறின் அறிகுறியை மட்டுமே சொல்லும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று அது காட்டினால் காரணம் அடைத்த ஃபில்டராகவும் இருக்கலாம், தளர்ந்த பம்பாகவும் இருக்கலாம், எங்கோ காற்றுக் கசிவாகவும் இருக்கலாம். டேங்கிலிருந்து இன்ஜின்வரை ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கும் பழைய ஒழுங்கு அங்கேயும் வேண்டும். குழாயில் வாய் வைத்த இடத்தில் இன்று அழுத்தமானியை மாட்டுகிறார்கள்.

எத்தனால்

2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிவிக்கப்பட்டது. இப்போது 20 சதவீதம். எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பு முதலில் இழுப்பது அந்த அடிப்படலத்தைத்தான். மழைக்காலத்தில் நாள்கணக்கில் எடுக்காமல் நிறுத்திய பழைய கார் கிளம்பிய சற்று நேரத்தில் நின்றால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடிப் புட்டியில் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்ய வேண்டும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றி ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பழைய கார்களின் ரப்பர் டயாப்ரமும் குழாய்களும் எத்தனாலில் ஊறிக் கெடுவதால், இன்னும் ஓடும் அம்பாசடர், பத்மினி கார்களில் அவற்றை எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுவது நல்லது.