மூன்று கோட்டைகளும் ஓர் ஒற்றையடிப் பாதையும்

நிலப்படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். பிரிட்டனின் நில அளவைத் துறை வெளியிட்ட படம் இது. நிலத்தில் ஒரு கிலோமீட்டர் தொலைவு இதில் 4 சென்டிமீட்டர் நீளமாகக் காட்டப்பட்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டியுள்ள மான்மத்ஷயர் பகுதி இதில் அடங்கும். இவ்வழியில் நான் நடந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு நிலப்படம் ஏறக்குறைய ஒரு பயணத்திற்குச் சமமானது. வாருங்கள், நாம் இருவரும் சேர்ந்தே நடப்போம்.

படத்தைச் சற்று உற்று நோக்குங்கள். வயல்களின் குறுக்கே, காடுகளின் ஊடே, சில இடங்களில் பண்ணை வீடுகளின் முற்றத்தை ஒட்டியும் பச்சை நிறத்தில் சிறுசிறு கோடுகள் விட்டுவிட்டுச் செல்வதைக் காண்பீர்கள். இவை பொதுமக்கள் நடக்கும் பாதைகள். நிலம் பெரும்பாலும் தனியாருடையது. வேலி உண்டு, பயிர் உண்டு, மேயும் ஆடுகளும் உண்டு. இருந்தும் யார் வேண்டுமானாலும், யாருடைய அனுமதியும் கேளாமல், அப்பச்சைக் கோட்டின் வழியே நடந்து செல்லலாம். வேலி குறுக்கிட்டால் அதை ஏறிக் கடக்க மரப்படி போட்டிருக்கும். பிறர் நிலத்தில் நடக்க இந்த உரிமை எப்படி வந்தது? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். விடையைக் கோட்டைகளைப் பார்த்த பிறகு தேடுவோம்.

ஸ்கென்பிரித், குரோஸ்மாண்ட், வெள்ளைக் கோட்டை ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளைப் போல இணைத்துச் செல்லும் சுற்றுப்பாதை 19 மைல் நீளம் உடையது. 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர்கள் வேல்ஸின் எல்லையிலும் விரைவில் வந்து அமர்ந்தார்கள். மண்மேடு, மரவேலி, சுற்றிலும் அகழி, இவ்வளவுதான் அவர்களுடைய முதல் கோட்டைகள். 12-ஆம் நூற்றாண்டில் மன்னர் ஸ்டீபன் இம்மூன்றையும் ஒரே ஆட்சிப் பகுதியாக இணைத்தார். அதுமுதல் அவை ‘மூன்று கோட்டைகள்’ என்றே வழங்கி வருகின்றன. ஹெர்பர்டு நகரிலிருந்து வேல்ஸுக்குள் செல்லும் வழிகளைக் காப்பது அவற்றின் பணி.

ஸ்கென்பிரித்திலிருந்து புறப்படுவோம். மன்னோ ஆற்றின் கரையில், தாழ்வான சமநிலத்தில் இக்கோட்டை நிற்கிறது. நாற்புறமும் மதில், மூலைகளில் வட்டக் கோபுரங்கள், நடுவே ஒரு மேட்டின்மேல் தனித்து நிற்கும் மற்றொரு வட்டக் கோபுரம். இதைக் கட்டியவர் ஹியூபர்ட் டி பர்க். 1201-இல் மன்னர் ஜான் இவருக்கு மூன்று கோட்டைகளையும் அளித்தார். 1205-இல் பிரான்சில் போரிட்டபோது ஹியூபர்ட் சிறைப்பட்டார், கோட்டைகள் கைமாறின. 1219-இல் அவற்றை மீண்டும் பெற்று, கல்லால் புதுப்பித்துக் கட்டினார்.

அவர் ஏன் வட்டக் கோபுரங்களைத் தேர்ந்தெடுத்தார்? அழகுக்காகவா? அதற்கு முன் எழுந்த நார்மானியக் கோபுரங்களுள் பெரும்பாலானவை சதுரமானவை. பிரான்சில் வட்டக் கோபுரங்களை அவர் கண்டிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். ஆனால் அவருக்கு இன்னொரு பாடமும் கிடைத்திருந்தது. 1215-இல் கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை மன்னர் ஜான் முற்றுகையிட்டார். அதன் சதுரக் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மண் சரியாதபடி மரத்தூண்களால் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு மன்னர் ஒரு கடிதம் அனுப்பினார்: உண்பதற்கு அவ்வளவாகப் பயன்படாத, நன்கு கொழுத்த பன்றிகள் 40 உடனே வேண்டும்! பன்றிக் கொழுப்பைக் கொண்டு முட்டுத்தூண்களுக்குத் தீ மூட்டினார்கள். தூண்கள் எரிந்ததும் கோபுரத்தின் மூலை சரிந்து விழுந்தது. அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? அப்போது நாட்டின் தலைமை நீதிக்காவலராக இருந்த இதே ஹியூபர்ட் டி பர்க்குக்குத்தான்.

இதிலுள்ள இயற்பியலை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சதுரக் கட்டடத்தின் மூலையில் இரண்டு சுவர்களின் சுமை வந்து சேர்கிறது. ஆனால் மூலைக் கல்லுக்கு வெளிப்புறத்தில் சாய்ந்துகொள்ள அண்டைக் கல் கிடையாது. அதன் கீழுள்ள நிலத்தை அகற்றினால் அது தன் போக்கில் விழவேண்டியதுதான். வட்டச் சுவரில் அப்படித் தனித்து நிற்கும் கல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லையும் இருபுறத்துக் கற்களும் நெருக்கிப் பிடித்திருக்கின்றன. நம் ஊர்க் கிணற்று உறை சுற்றியுள்ள மண்ணின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதும் இதே முறையில்தான். இன்னொரு நன்மையும் உண்டு. சதுரக் கோபுரத்தின் முகப்புச் சுவரை ஒட்டி நிற்கும் பகைவனைப் பக்கத்து மதிலில் உள்ள வில்வீரன் காண முடியாது. சுவர் வளைந்திருந்தால் அந்த மறைவிடம் பெரிதும் குறைந்துவிடும். ராச்செஸ்டரில் இடிந்த மூலையைப் பின்னர் மீண்டும் கட்டியபோது வட்டமாகவே கட்டினார்கள். மூன்று மூலைகள் சதுரமும் ஒன்று வட்டமுமாக அக்கோபுரம் இன்றும் நிற்கிறது.

இனி குரோஸ்மாண்டுக்கு ஏறுவோம். பிரெஞ்சு மொழியில் இப்பெயருக்குப் ‘பெரிய குன்று’ என்று பொருள். இப்பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இப்போதே கணக்கிட்டுவிடலாம். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி கூறினார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதனுடன் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 19 மைலுக்கு 6 மணி 20 நிமிடம் ஆகிறது. வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 2,000 அடி வரும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 7 மணி 20 நிமிடம். இவ்விதியின்படி ஓர் அடி உயரம் ஏறுவது சமதரையில் ஏறக்குறைய 8 அடி நடப்பதற்குச் சமம். ஆற்றல் கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2,000 அடி, அதாவது 610 மீட்டர் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 3,60,000 ஜூல். தசைகள் உணவின் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. எனவே இதற்குத் தேவையான உணவு சுமார் 340 கிலோகலோரி. ஏழு இட்டலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நடப்பதற்கான இட்டலிக் கணக்கு தனி!

குரோஸ்மாண்டில் 1233-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி வேடிக்கையானது. மன்னர் மூன்றாம் ஹென்றியின் படை கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. இரவில் கலகக்காரர்கள் பாய்ந்தார்கள். உறக்கம் கலைந்த படையினர் மூட்டை முடிச்சுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். பக்கத்தில் எவ்வளவு வலிமையான மதில் இருந்தும் என்ன, படுத்தது அதற்கு வெளியே அல்லவா! 1267-இல் இக்கோட்டைகள் லங்காஸ்டர் குடும்பத்துக்கு வந்தன. அவர்கள் குரோஸ்மாண்டை மாளிகையாக மாற்றிக்கொண்டார்கள். அக்காலத்துப் புகைபோக்கி ஒன்று இடிபாடுகளுக்கு மேலே இன்றும் ஒய்யாரமாக நிற்கிறது. லங்காஸ்டரின் முதல் டியூக்கான ஹென்றி இங்கே பிறந்தவர். 1405-இல் வேல்ஸ் விடுதலைக்காகப் போராடிய ஓவைன் கிளிண்டூரின் படை குரோஸ்மாண்டைத் தாக்கியது. அதை முறியடித்த படையை அனுப்பியவர், பின்னர் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடிய இளவரசர். மேற்சொன்ன டியூக்கின் கொள்ளுப்பேரர்.

குரோஸ்மாண்டுக்குத் தெற்கே 423 மீட்டர் உயரமுள்ள கிரெய்க் சிவர்தின் குன்று எதிர்ப்படுகிறது. இப்பகுதிகளில் நீங்கள் காணும் காடுகள் இருவகைப்பட்டவை. ஊசியிலை மரங்கள் ஒரே உயரத்தில், வரிசை பிடித்து நின்றால் அவை நட்டு வளர்த்தவை. முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919-இல் வனத்துறை ஆணையம் ஒன்றை அமைத்து, குன்றுகள்தோறும் இத்தகைய மரங்களை நட்டது. ஓக், ஆஷ், ஹேசல் போன்ற அகன்ற இலை மரங்கள் நிறைந்த காடுகளின் கதை வேறு. அவை பழமையானவை, ஆனால் மனிதன் கை படாதவை அல்ல. மரத்தை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். ஏழு முதல் இருபது ஆண்டு கழித்து அவற்றை மீண்டும் வெட்டலாம். வேலிக்குக் கழி, அடுப்புக்கு விறகு, இரும்பு உருக்கக் கரி எல்லாம் இப்படித்தான் கிடைத்தன. வெட்டுவதால் காடு அழியும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆண்டுதோறும் ஒரு பகுதியாக வெட்டப்பட்டதாலேயே பயனுள்ளதாகி, அதனாலேயே உழப்படாமல் நூற்றாண்டுக் கணக்கில் தப்பிய காடுகள் இவை. காட்டு வரலாற்றறிஞர் ஆலிவர் ராக்கம் இதனை விரிவாக எழுதியிருக்கிறார்.

பாதையோரத்து உயிர்வேலிகளின் வயதைக் காணவும் ஒரு விதி உண்டு. வேலியில் 30 கெஜ நீளத்தில் எத்தனை வகை மரஞ்செடிகள் உள்ளனவோ அத்தனை நூற்றாண்டு என்று மாக்ஸ் ஹூப்பர் என்னும் ஆய்வாளர் கூறினார். சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் நடுவே நேர்கோடு வரைந்து பெற்ற விதி அது. ஆய்வகத்தில் என் மாணவர்கள் வரையும் கோடுகளை எவ்வளவு நம்புவேனோ, அவ்வளவே இதனையும் நம்புகிறேன்!

மாலை வெயிலில் வெள்ளைக் கோட்டையை அடைகிறோம். சுவரில் ஒருகாலத்தில் பூசியிருந்த வெண்சாந்தால் வந்த பெயர் இது. அப்பூச்சின் மிச்சத்தை இன்றும் ஆங்காங்கே காணலாம். 1184-86 ஆண்டுகளில் இங்கே மதில் கட்ட ஏறத்தாழ 128 பவுன் செலவானதாக அரசுக் கணக்கில் பதிவாகியுள்ளது. 1260-களை ஒட்டி, வேல்ஸ் இளவரசர் லூவெலினுக்கு அஞ்சி வட்டக் கோபுரங்களைச் சேர்த்ததுடன், தெற்கிலிருந்த வாயிலையும் வடக்கே மாற்றிக்கொண்டார்கள்.

இங்குள்ள அம்புத் துளைகளை அவசியம் பார்க்கவேண்டும். நெடுக்காக ஒரு பிளவு, அதன் குறுக்கே சிலுவை போல இன்னொன்று. ஆனால் குறுக்குப் பிளவின் இடக்கையும் வலக்கையும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. சரிவான நிலத்தை நன்றாகப் பார்க்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பிளவின் அகலம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கண்ணை அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், தலையை அசைக்காமல், 30 மீட்டர் தொலைவில் 5 மீட்டர் அகலம் தெரியும். வில்லை வளைக்க இடம் வேண்டி ஒன்றரை மீட்டர் பின்னால் போனால் தெரிவது ஒரே ஒரு மீட்டர்! 1980-ஐ ஒட்டி பீட்டர் ஜோன்ஸ், டெரிக் ரென் என்ற இருவர் உண்மையான வில்லையும் அம்பையும் கொண்டு இக்கோட்டையிலேயே சோதனை செய்து, 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளியிலிருந்து எய்த அம்புகளுள் எதிர்பார்த்ததைவிட அதிகமானவை துளைவழியே உள்ளே புகுந்தன. துளைக்குப் பின்னால் நின்றவன் பாதுகாப்பாக இருந்தான் என்று புத்தகங்கள் வெகுகாலம் எழுதி வந்தன. நாலு அம்பு எய்து பார்க்க எழுநூறு ஆண்டு ஆயிற்று.

1282-இல் வேல்ஸ் வீழ்ந்தபின் இக்கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் கைதியாக வைக்கப்பட்டிருந்த இட்லரின் துணைத் தலைவர் ருடால்ப் ஹெஸ்ஸை உலாவுவதற்காக இங்கே அழைத்து வந்தார்கள். அகழியில் நீந்தும் அன்னங்களுக்கு அவர் தீனி போடுவாராம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலவும் பழைய சட்டக் கொள்கை, ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பதாகும். கோவிலுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகளை நிலவுடைமையாளர் தம் விருப்பப்படி அடைத்துவிட முடியாது. ஆனால் அது பொதுவழிதான் என்று மெய்ப்பிப்பது எப்படி? தடையின்றி 20 ஆண்டு மக்கள் நடந்திருந்தால் போதும் என்று 1932-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைவெளிக்குள் தொழிலாளர் இளைஞர் நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி நுழைந்தனர். அவர்களை நடத்திச் சென்ற பென்னி ராத்மன் இருபது வயது இளைஞர். ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை சென்றனர். சட்டம் அவர்களால் வந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. அதற்கான முயற்சி பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் சிறைத்தண்டனையால் எழுந்த கொதிப்பு 1949-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் வரை நீடித்தது. அச்சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் தன் பாதைகளை அளந்து, அதிகாரபூர்வமான படத்தில் குறிக்க வேண்டியதாயிற்று. நம் பச்சைக் கோடுகளுக்கு ஆதாரம் அந்தப் படங்களே.

படத்தில் ஏறாமல் விடுபட்ட பாதைகளும் உண்டு. அவற்றைச் சேர்க்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கெடு வைத்தது: 2026 சனவரி முதல் நாள். அதற்குள் பதிவாகாத பழைய பாதைகளின் உரிமை போய்விடும் என்ற நிலை ஏற்பட்டது. 2020-இல் நடையர் சங்கத்தின் தொண்டர்கள் பழைய படங்களையும் இன்றைய படங்களையும் சதுரம் சதுரமாக ஒப்பிட்டுப் பார்த்து, இரு நாடுகளிலுமாக 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் விடுபட்டிருக்கலாம் என்று கண்டார்கள். இங்கிலாந்தில் கெடு முதலில் 2031-க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அதை நீக்கிவிடப் போவதாக அரசு அறிவித்தது. அறிவிப்பால் மட்டும் ஒரு பாதையும் படத்தில் ஏறிவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பம் எழுதி, கிராமத்து வரிப்படம், எல்லைப்படம், வழக்குமன்றப் பதிவு என்று சான்று காட்டவேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக அந்த வேலையைச் செய்து வருகிறார்கள்.