ஓர் இரவுக்கு முப்பது சுருள்

போளூர் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயிலுக்கு அக்னி வசந்தம் வைத்துவிட்டால், பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. கடைசி நாள் பொழுது புலர, பதினெட்டாம் போர் ஆடிய வேஷக்காரர்கள் அப்படியே படுகளத்துக்கு நடப்பார்கள். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் அங்கே மல்லாந்து கிடப்பான். ஊரே அவனைச் சுற்றி நிற்கும். மாலையில் தீமிதி.

இதைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம். ஆனால் ஒலிப்பதிவு வந்த பிறகும் இந்த ஒலியை உள்ளபடி பிடித்து வைக்கும் கருவி கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காரணம் கூத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆடுகளத்தின் பின்புறம் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. வேஷக்காரர் ஓர் அடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். முகவீணை அதே அடியை இன்னும் உயரத்தில் எடுத்துப் போகும். நாகசுரத்தின் தம்பி மாதிரி இருக்கும் அந்தச் சின்னக் குழலின் குரல், பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் மூடிவிடும். புஜக்கட்டையும் கிரீடமும் தரித்த வேஷக்காரர் கிறிக்கி சுற்றும்போது முகம் ஒருபக்கம், குரல் ஒருபக்கம், காலில் சலங்கை. ஒரே மைக்கில் பதிந்தால் முகவீணையும் தாளமும் மிஞ்சும், சொல் போய்விடும். அர்ச்சுனன் தபசிலோ வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறிக்கொண்டே பாடுவார். பெஞ்சு தரையில், பாட்டு வானத்தில்.

ஆகவே இரண்டு தேவைகள். கருவி ஆளோடு நடக்க வேண்டும்; நாலைந்து ஒலிகளை ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் வாங்கவும் வேண்டும். ஒன்று கிடைத்த காலத்தில் மற்றது கிடைக்கவில்லை.

தமிழகத்தில் களத்துக்குப் போன முதல் கருவி மெழுகு உருளை ஃபோனோகிராஃப். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தம் சாதிகள், பழங்குடிகள் நூலுக்கான பயணங்களில் அதைப் பயன்படுத்தினார். ஓர் உருளைக்கு இரண்டிலிருந்து நான்கு நிமிடம். பாடுபவர் புனலுக்குள் வாயை வைப்பதுபோல் நின்று பாட வேண்டும். ஆட்டம் கிடையாது, பின்பாட்டு கிடையாது. மொழியறிஞர் கிரியர்சனின் இந்திய மொழியாய்வுக்காக 1913 முதல் எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளிலும் மனிதர்தான் கருவியைத் தேடி வந்தார். 1930களில் நீலகிரியில் தோடர் பாடல்களைச் சேகரித்த மொழியியலாளர் எமனோ, பாடகர்கள் சொல்லச் சொல்லக் கையாலேயே எழுதினார்.

1938இல் டச்சு அறிஞர் ஆர்னால்ட் பேக் தென்னிந்தியா வந்தார். ஒலிக்குத் தெஃபிஃபோன் என்ற ஜெர்மானியக் கருவி. படத்துக்கு 16 மி.மீ. ஊமைப்படக் கேமரா. ஒலி ஒரு பெட்டியில், ஆட்டம் இன்னொரு பெட்டியில். அவருடைய மாணவர் நசீர் அலி ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் எது மிஞ்சியது, எது மாறியது என்று பார்த்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1982இல், இந்தியக் களப்பதிவுகளின் பிரதிகளை இந்தியாவிலேயே பாதுகாக்க அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் ஓர் இசை ஆவணக் காப்பகம் தொடங்கியிருந்தது. அதை அமைப்பதில் முன்நின்றவரும் ஜைரஸ்பாய்தான். இந்த வரலாற்றில் மனம் நிறையும் இடம் அது. அதுவரை பாடியவர் ஊரில் இருப்பார், அவர் குரல் கடல் கடந்து போயிருக்கும்.

நடமாடும் கருவி என்றால் ஸ்டெஃபான் குடெல்ஸ்கியைச் சொல்லாமல் தீராது. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அவர் 1951இல் முதல் நாக்ராவைச் செய்தார். போலிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு ‘பதிவு செய்யும்’ என்று பொருள். 1950களின் இறுதியில் வந்த நாக்ரா III, 12 டார்ச் செல்களில் ஓடியது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஒலி அவ்வளவு சுத்தம். ஆனால் தடம் ஒன்றே ஒன்று. மூடியை மூடினால் 5 அங்குலச் சுருள்தான் உள்ளே நிற்கும். 600 அடி நாடா, நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 16 நிமிடம். இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுக்கு முடியும் கூத்துக்கு முப்பது சுருள் வேண்டும். இருபத்தொன்பது முறை மாற்ற வேண்டும். கோமாளியாக வரும் கட்டியக்காரன் பேச்சில் கூட்டம் குலுங்கிச் சிரிக்கும் இடம் எத்தனை முறை அந்த இடைவெளியில் விழுந்திருக்கும்!

பிறகு கேசட் வந்தது. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், விலையும் மலிவு. ஒலிப்பதிவு அறிஞர் கையிலிருந்து ஊரார் கைக்கு இறங்கியது அப்போதுதான். கூம்பு ஒலிபெருக்கியின் கீழே டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு இந்த வரலாறு கடன்பட்டிருக்கிறது. கரகரப்பாக இருந்தாலும் முழு இரவும் அந்த கேசட்டுகளில்தான் இருந்தது.

பல தடப் பதிவு அப்போது ஸ்டுடியோவுக்குள் இருந்தது. 1979இல் டாஸ்காம் ‘போர்ட்டாஸ்டுடியோ’ சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைக் கொண்டுவந்தது. பெயரில் பயணம் இருந்ததே தவிர, அதற்குச் சுவர் மின்சாரம் வேண்டும். நாடா இரட்டை வேகத்தில் ஓடியதால் சி-90 கேசட்டே இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீட்டில் பாட்டுக் கட்டுபவருக்கு அது வரம். தீமிதித் திடலுக்கு ஆகாது.

இரண்டு தேவைகளும் ஒரு கைப்பிடிக்குள் சேர்ந்தது மெமரி கார்டு வந்த பின்புதான். ஜப்பானிய ஜூம் நிறுவனத்தின் எச்4 2006இல் வந்தது. 2009இல் வந்த எச்4என் நான்கு தடங்களை ஒருசேரப் பதிந்தது. 2013இன் எச்6 ஆறு தடங்களை. நான்கு பென்சில் செல் போதும். கணக்குப் போட்டால், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் நான்கு தடம் மணிக்கு சுமார் 2 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்து, நகத்தளவு 32 ஜிபி கார்டில் பாதியிடம்தான் பிடிக்கிறது. முப்பது சுருளின் சுமை அவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

இன்றைக்கு ஒருவர் போளூரிலோ, மலையேறி ஜமுனாமரத்தூரிலோ பதிவுக்குப் போனால் வேலை மைக் செட்காரரிடம் தொடங்கும். பந்தல் மூங்கிலிலிருந்து தொங்கும் மைக்கின் ஒலியை அவருடைய மிக்சரிலிருந்து ஒரு தடத்துக்கு வாங்கலாம். முகவீணைக்குத் தனியாக ஒன்று; மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் நடுவில் ஒன்று; சலங்கைக்குத் தரையருகே ஒன்று. கருவியின் தலையில் இருக்கும் இரட்டை மைக் கூட்டத்தைப் பார்த்திருக்கட்டும். பலர் இதைத்தான் அணைத்துவிடுகிறார்கள். அது பெரிய பிழை. தூங்கும் குழந்தையை மாற்றி மடியில் போடும் தாயின் முணுமுணுப்பும், படுகளத்தில் எழும் அழுகையும் கூத்துக்கு வெளியே இருப்பவை அல்ல.

எல்லாவற்றையும் ஒரே கருவியில் வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. இரண்டு கருவிகளில் தனித்தனியே பதிந்தால், விடிவதற்குள் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகித் தாளம் இரட்டையாகக் கேட்கும். இன்னொரு பழைய தொல்லை, மெல்லப் பேசிய துச்சாதனன் திடீரென்று அடித்தொண்டையில் முழங்கும்போது ஒலி உடைந்துபோவது. 2019இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற கருவிகளின் 32 பிட் ஃப்ளோட் முறை அதைப் பெருமளவு தீர்த்தது. மைக் தாங்கினால் போதும், கருவிக்குள் உடையாது. அளவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

தடங்கள் தனித்தனியே இருந்தால் பாடம் கற்கும் பையன் முகவீணையை மட்டும் கேட்கலாம். பின்பாட்டை நீக்கிவிட்டுத் தானே பாடிப் பார்க்கலாம். முகவீணைக்காரர்கள் அருகிவரும் காலத்தில் இது சின்ன உதவியல்ல.

கிழக்கு வெளுக்கும் நேரம் மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்குவார். பெஞ்சில் மாட்டிய மைக்குகளைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, புதிதாக நான்கு செல் மாற்றி, கருவியைக் கையில் பிடித்தபடி பீமன் வேஷக்காரருக்குப் பின்னால் படுகளத்துக்கு நடக்கலாம்.